பதினொரு முருங்கைக்காய்

நவம்பர் 11, திங்கள்

நாப்பத்தொம்பது வயசுல வீட்டுப்பாடம் எழுதற கெரகம் எனக்கு வந்திருக்குது.

பாதுகாப்புப் பயிற்சி குடுக்கறதுக்கு ரெஜினா மேடம்னு ஒருத்தங்களைக் கம்பெனி வரவழைச்சிருக்குது. தூத்துக்குடிக்காரங்க. மூணு வாரம் இருந்து ஆப்பரேட்டர், சூப்பர்வைசர், மேனேஜர்னு எல்லாத்துக்கும் வகுப்பு எடுப்பாங்களாம். முதல் வேலையா எங்க ஆறு சூப்பர்வைசர் கையிலயும் ஆளுக்கொரு நோட்டைக் குடுத்து, "இன்னைக்கு வேலையில என்ன பார்த்தேன்னு தினம் ஒரு வரியாவது எழுதுங்க சார். நான் வாங்கிப் படிக்க மாட்டேன்"னு சொல்லிப்போட்டாங்க.

யாரும் படிக்காததை எதுக்குங்க மேடம் எழுதோணும்னு கேட்டேன். "நீங்க படிப்பீங்கல்லா சார்"ன்னாங்க. நல்ல வாய்.

சரி, பார்த்தது. எங்க ஷாப்புல பதினொரு பவர் பிரஸ். தகட்டை உள்ள வெச்சுக் காலால மிதிச்சா மேல இருந்து அச்சு இறங்கி, பம்ப்செட் மோட்டாருக்கு வேணுங்கற வடிவத்துல வெட்டும். இன்னிக்குப் பத்து ஓடுச்சு. நாலாம் நம்பருக்கு ஆள் இல்லை. அவ்வளவுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

இதுக்கு முன்னாடி பயிற்சி எடுத்தவங்க கை தூக்குங்கன்னாங்க மேடம். மொத்த ஷாப்பும் தூக்குச்சு. என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. கடைசி வரிசையில இருந்து ஒரு குரல், "தேங்காச் சட்னி நல்லா இருந்துச்சுங்க மேடம்." ஷாப்பே சிரிச்சு உருண்டுச்சு. மேடமும் சிரிச்சாங்க. அப்புறம் அதை எழுதி வெச்சுக்கிட்டாங்க.

விசயம் இதுதான். சம்பளத்தன்னிக்குக் கேண்டீன்ல போண்டா வைப்போம். எடுக்கறவங்க பக்கத்துல இருக்கற தாள்ல கையெழுத்துப் போடோணும். தாளோட தலையில 'பாதுகாப்புப் பயிற்சி, நாலு மணி நேரம்'னு அச்சடிச்சிருக்கும். ஒம்பது வருசமா அந்தத் தாளைப் பிடிச்சுட்டு நிக்கறது நான்தான். ஒரு மாசம்கூட ஒரு கையெழுத்து விட்டுப் போனதில்லை.

நவம்பர் 13, புதன்

பர்சனல் மேனேஜர் முரளிதரன் கூப்பிட்டு விட்டார். சாந்தாமணி மேல விசாரணை இருபத்தெட்டாம் தேதியாம். நான் குடுத்த என்ற ரிப்போர்ட்டுதான் முக்கியமாம்.

இதை எழுதாம மத்ததை எழுதறது வேசமாத்தான் இருக்கும். நாலாம் நம்பர் பிரஸ்ல பதினாலு வருசமா நிக்கற பொம்பளை சாந்தாமணி. தீபாவளிக்கு முந்தி, அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி, உள்ள சிக்கின தகட்டை எடுக்கக் கை விட்டப்ப அச்சு இறங்கிருச்சு. இடது கை ஆட்காட்டி விரல்ல முதல் கணு போயிருச்சு. ஒவ்வொரு பிரஸ்லயும் ரெண்டு பக்கமும் முழ உயரத்துல ஒரு சென்சார் தூண் நிக்கும். நடுவுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். அதைக் கை மறைச்சாப் பிரஸ் நின்னுரும். அன்னிக்கு நிக்கல. சென்சார் ஆஃப்ல இருந்துச்சு, நாச்சிமுத்து அண்ணனுக்கு, அதாவது எனக்கு, தெரியும்னு சாந்தாமணி ஆஸ்பத்திரியில வாக்குமூலம் குடுத்திருக்குது.

சென்சார் ஆன்லதான் இருந்துச்சுன்னு நான் ரிப்போர்ட் குடுத்திருக்கறேன். மெஷினைச் சோதிச்சாங்க, நல்லாத்தான் வேலை செய்யுது. போண்டாத் தாள்ல சாந்தாமணி கையெழுத்தும் இருக்குது. அதனால, பயிற்சி எடுத்தும் அஜாக்கிரதை. வேலை போயிரும்னு முரளிதரன் சார் பேச்சுல தெரிஞ்சுது. விரலும் போயி, அஜாக்கிரதைன்னு பேரும் வாங்கின ஆளை இந்த ஊர்ல வேற எந்தக் கம்பெனி சேர்த்துக்கும்? அந்த வீட்டுல அடுப்பு எரியறதே அது சம்பளத்துலதான்.

எனக்குச் சங்கடமாத்தான் இருக்குது. ஆனா ரிப்போர்ட் ரிப்போர்ட்டுதானே.

நவம்பர் 15, வெள்ளி

பார்த்தது: ஒண்ணுமில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மோட்டார்ல தண்ணி ஏறல, வாஷர் மாத்தினேன். மத்தியானம் கோழிக் குழம்பு. மொளகாத்தூள் டப்பாவுக்குள்ள கையை விட்ட என்ற சம்சாரம் கோமதி ஒரு சாவியை எடுத்து நீட்டறா.

"ஏனுங்க, இது எந்தப் பூட்டுச் சாவிங்க? இதுக்குள்ள கெடக்குது?"

கம்பெனிச் சாவி, பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்னேன்.

"பத்திரத்துக்குப் பீரோ இல்லீங்களா? மொளகாத்தூள்லயா வெப்பாங்க?"

எதுக்கெடுத்தாலும் கேள்வின்னு ஒரு சத்தம் போட்டேன். அவ சாவியை டப்பாவுக்குள்ளயே போட்டு மூடிட்டா. குழம்பு நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்கு உறைக்கல.

நவம்பர் 18, திங்கள்

மேடம் உழவர் சந்தையில இருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோட வந்தாங்க. கேண்டீனுக்குக் காய் வாங்கியாந்திருக்காங்கன்னு நினைச்சோம். பார்த்தா அதுதான் பாடம்.

"விரல் கனம், உள்ள எலும்பு மாதிரி நாரு. பிரஸ்ஸுக்கு உங்க விரலுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது பார்த்துக்கிடுங்க"ன்னாங்க.

ரெண்டாம் நம்பர்ல காட்டலாம்னு நான் சொன்னேன். "நாலாம் நம்பரையும் பார்த்துருவோம் சார்"ன்னாங்க. மிதியை மிதிச்சுட்டே முருங்கைக்காயை உள்ள நீட்டினாங்க. அச்சு பாதியில நின்னுருச்சு. மூணு தடவை செஞ்சாங்க, மூணு தடவையும் காய் முழுசா வெளிய வந்துச்சு. முரளிதரன் சார் முகத்துல சந்தோசம் பாக்கோணும்! "பாத்தீங்களா, மெஷின் பேர்ல தப்பே இல்லை"ன்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொன்னார். சாந்தாமணியோட பக்கத்து மெஷின்காரங்க தலையைக் குனிஞ்சுட்டாங்க.

அப்புறம் மேடம், "சென்சாரை ஆஃப் பண்ற பைபாஸ் சாவி ஒண்ணு இருக்கும்லா? சென்சார் இல்லாம அச்சு இறங்குனா என்னாகும்னும் காட்டணும். யார்ட்ட இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"என்கிட்டதானுங்க. தேடோணும்"னேன்.

"தேடுங்க சார்"ன்னாங்க.

மத்தியானம் சோறு எறங்கல. வெயில் ஜாஸ்தி.

நவம்பர் 20, புதன்

விசாரணையில சாந்தாமணி தன் பக்கத்துச் சாட்சின்னு ஒருத்தர் பேரைக் குடுக்கலாம். குடுத்திருக்குது. பேரைப் படிச்சதும் ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம்.

என்ற பேரு.

நவம்பர் 21, வியாழன்

பார்த்தது: ஏழாம் நம்பர் பக்கத்துல தரையில எண்ணெய். மரத்தூள் போடச் சொன்னேன். மேடம் சுவத்துல ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. அடிபட இருந்து தப்பிச்சா அதுல எழுதோணுமாம். பேரே 'தப்பிச்ச நோட்டு'. நாலு நாளாச்சு, ஒரு எழுத்து விழுகல. எழுதினா மெமோ வரும்னு எல்லாத்துக்கும் பயம். வராதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நவம்பர் 22, வெள்ளி

மருத்துவ லீவு தாளைக் குடுக்க சாந்தாமணி வந்துச்சு. நான் கம்பெனி வாசல்ல போயி மாட்டிக்கிட்டேன். கையில கட்டு இன்னும் இருக்குது.

"நல்லா இருக்கறயா அம்மிணி?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா இருக்கறேனுங்கண்ணா. சோத்தைப் பெசையலாம், தலை பின்னத்தான் முடியல."

வேற யாராவது இருந்தா நழுவியிருப்பேன். செக்யூரிட்டிகூட டீக்குப் போயிருந்தான்.

"ஏன் அம்மிணி என்ற பேரைக் குடுத்தே? நான்தானே உம்மேல ரிப்போர்ட் எழுதினேன்?"

"அதனாலதானுங்க. ரிப்போர்ட்டுல யாரு மூஞ்சியையும் பாக்காம எழுதிப்போட்டீங்க. அங்க என்ற மூஞ்சியைப் பார்த்து சொல்லோணுமில்லீங்க? அன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன கேட்டேன், நீங்க என்ன சொன்னீங்கன்னு. எங்க, பொய் சொல்லுங்க பார்க்கலாம்."

கத்தல, அழுகல. பஸ் வந்ததும் ஏறிப் போயிருச்சு.

நவம்பர் 23, சனி

இன்னிக்கு வகுப்பு மேனேஜருங்களுக்கும் எங்களுக்கும். சட்டம். விபத்தை மறைச்சா என்ன, பொய்யா எழுதினா என்ன, நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கினா என்னன்னு மேடம் ஒண்ணொண்ணா சொன்னாங்க. குரலை உசத்தவே இல்லை. முரளிதரன் சார் போனை நோண்டிட்டு இருந்தார்.

வகுப்பு முடிஞ்சதும் என்ற தோள்மேல கை போட்டுக் கூட்டிட்டுப் போனார். "நாச்சிமுத்து, எழுதினதையே சொல்லு, ஒரு வார்த்தை கூட்டாதே குறைக்காதே. ஜனவரியில ஷாப் இன்சார்ஜ் போஸ்ட்டு ஒண்ணு காலியாகுது, உன் பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

ஒம்பது வருசமா ஆசைப்பட்ட போஸ்ட்டு. சந்தோசம் வரோணுமே, எங்க போச்சுன்னு தெரியல.

நவம்பர் 25, திங்கள்

இந்த நோட்டை யாரும் படிக்க மாட்டாங்க. நான் மட்டும் படிப்பேன். படிச்சுட்டேன், முதல் பக்கத்துல இருந்து. சந்தனப் பொட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்லை.

எழுதறேன்.

ஆயுத பூசை அன்னிக்குப் பதினொரு பிரஸ்ஸுக்கும் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சது நான். வருசா வருசம் நான்தான் வெப்பேன், அதுல எனக்கு ஒரு பெருமை. நாலாம் நம்பருக்கு வெக்கறப்ப சந்தனம் தூக்கலா விழுந்து, சென்சார் தூணோட கண்ணாடி மேலயே அப்பிருச்சு. திங்கக்கிழமை மெஷினைப் போட்டா ஓடல. காஞ்ச சந்தனம் வெளிச்சத்தை மறைக்குது. மெஷின் சரியாத்தான் நின்னுச்சு.

சாந்தாமணி கேட்டுச்சு: "அண்ணா, பொட்டு கண்ணாடி மேல இருக்குதுங்க. ஈரத்துணியில துடைச்சுடட்டுங்களா?"

பூசை பொட்டைத் துடைக்கக் கூடாது, தானா உதிரோணும்னு எங்க ஷாப்புல ஒரு வழக்கம். ரெண்டு வருசத்துக்கு முந்தி எவனோ துடைச்சான், அந்த வாரம் அச்சு உடைஞ்சுது, அதுல இருந்து எனக்குப் பயம். "சாமி பொட்டுல கை வெக்காதே அம்மிணி, வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் சாவி போட்டுக்கறேன்"னேன். பைபாஸ் சாவியைத் திருப்பினேன். மெஷின் ஓடுச்சு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. தீபாவளிக்கு முந்தி சரக்கு அனுப்போணும்னு நெருக்கடி. மறந்துட்டேன். மறந்தேங்கறதும் முழு உண்மை இல்லை. சென்சார் இல்லாம நாலாம் நம்பர் நிக்காம ஓடுச்சு, உருப்படியும் அதிகமா வந்துச்சு, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

செவ்வாக்கிழமை விரல் போச்சு. எல்லாரும் சாந்தாமணியைத் தூக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினாங்க. நான் ஓடல. என்ற கர்ச்சீப்பை எச்சில்ல நனைச்சு அந்தப் பொட்டைத் துடைச்சேன். சாவியைத் திருப்பி எடுத்தேன். துடைக்கக் கூடாதுன்னு சொன்ன அதே கை. வீட்டுக்குப் போயி மொளகாத்தூள் டப்பாவுல போட்டேன்.

இதுதான் நான் பார்த்தது. பதினஞ்சு நாளா எழுதாதது.

நவம்பர் 26, செவ்வாய்

தலைவலின்னு லீவு போட்டேன். தலை வலிக்கல.

நவம்பர் 27, புதன்

கோமதிகிட்டச் சொன்னேன். காலையில கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தா. முழுசும் கேட்டா. ஒரு வார்த்தை திட்டுவாள்னு எதிர்பார்த்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அந்த அம்மிணி ஆஸ்பத்திரியில இருக்கறப்ப நான் ஆப்பிள் வாங்கிட்டுப் போயி பாத்துட்டு வந்தேனுங்க. ஒரு வார்த்தை உங்களைப் பத்தித் தப்பா சொல்லல. வீட்டுல என்ன சமையலுங்கன்னு என்கிட்ட விசாரிச்சுது." கீரையைக் கீழ வெச்சா. "இன்சார்ஜ் போஸ்ட்டு வேண்டாமுங்க. சூப்பர்வைசர் வேலையும் போனாப் போயிட்டுப் போகுது. நீங்க இந்த வீட்டுல மறுபடியும் ருசி பார்த்துச் சோறு திங்கோணும், அவ்வளவுதான்."

டப்பாவைத் திறந்து சாவியை எடுத்து என்ற சட்டைப் பையில அவளே போட்டா.

நவம்பர் 28, வியாழன்

கான்ஃபரன்ஸ் ஹால். விசாரணை அதிகாரின்னு வெளிய இருந்து ஒரு வக்கீல். முரளிதரன் சார். எதிர்ல சாந்தாமணி, கட்டுப் போட்ட கை மேசைமேல. மேடம் பயிற்சி பத்திக் கேட்டாச் சொல்றதுக்காக ஓரத்துல.

முதல்ல என்ற ரிப்போர்ட்டை வாசிச்சாங்க. என்ற எழுத்தே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. வக்கீல், "இது நீங்க எழுதினதுதானே? உண்மைதானே?"ன்னார்.

சாந்தாமணி மூஞ்சியைப் பார்த்தேன். அதுவும் பார்த்துச்சு.

"எழுதினது நானுங்க. உண்மை இல்லீங்க."

சட்டைப் பையில இருந்து சாவியை எடுத்து மேசைமேல போட்டேன். கூடவே ஒட்டியிருந்த மொளகாத்தூளும் கொட்டிருச்சு. தலைக்கு மேல சுத்தற காத்தாடிக் காத்து நேரா அது மேல. வக்கீல் தும்ம ஆரம்பிச்சார், அவரு நிறுத்தறதுக்குள்ள முரளிதரன் சார். நான் உண்மை சொல்லிட்டு இருக்கறேன், அவங்க 'அச்சு அச்சு'ன்னு தும்மறாங்க. அந்த நேரத்துலயும் சாந்தாமணி முந்தானையில வாயைப் பொத்திட்டுச் சிரிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி. மொளகாத்தூளாலன்னு நினைச்சிருப்பாங்க.

பொட்டு, சாவி, கர்ச்சீப்பு எல்லாம் சொன்னேன். போண்டாவையும் சொன்னேன். "இந்தம்மாவுக்கு ஒரு நிமிசப் பயிற்சிகூட நாங்க குடுக்கலீங்க. கையெழுத்து வாங்கினது நான். துடைக்கட்டுமான்னு கேட்ட ஒரே ஆளு இந்தம்மாதான். துடைச்சிருந்தா விரல் இருந்திருக்கும்."

முரளிதரன் சார், "யோசிச்சுப் பேசு நாச்சிமுத்து"ன்னார்.

"யோசிச்சு எழுதினதுதானுங்க சார் அந்த ரிப்போர்ட்டு"ன்னேன்.

வக்கீல் எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். ஒம்பது வருசத்துல நான் படிச்சுப் பார்த்துப் போட்ட முதல் கையெழுத்து.

வெளிய வந்தப்ப சாந்தாமணி நின்னுட்டு இருந்துச்சு. மன்னிச்சுக்கோ அம்மிணின்னேன்.

"இன்னிக்கே முடியாதுங்கண்ணா"ன்னுச்சு. "ஆனா சொன்னீங்கல்ல. இன்னிக்கு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்குவேன்."

அது போதும். அதுக்கு மேல கேக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நவம்பர் 30, சனி

சாந்தாமணி மேல இருந்த குத்தச்சாட்டு ரத்து. விபத்துக்குக் கம்பெனிதான் பொறுப்புன்னு எழுத்துல. காயம் ஆறினதும் தரம் பார்க்கற பிரிவுல வேலை. எனக்கு ரெண்டு வாரம் சஸ்பென்ஷன், இன்சார்ஜ் போஸ்ட்டு இல்லை, சூப்பர்வைசராவே இருக்கலாமான்னு அப்புறம் பார்ப்பாங்களாம். நியாயம்தான். முரளிதரன் சார் என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறார். மேடத்தோட கடைசி வகுப்புக்கு அவரை முதல் வரிசையில நிறுத்திட்டாங்களே, அந்தக் கடுப்பு.

சஸ்பென்ஷன் திங்கக்கிழமைதான் ஆரம்பம்னு மேடம் என்னைக் கடைசி வகுப்புக்குக் கூப்பிட்டாங்க. "சாவி கிடைச்சிருச்சுல்லா சார், அந்தப் பாக்கிப் பாடத்தை நீங்களே காட்டுங்க."

ஷாப் முழுக்க நிக்குது. நாலாம் நம்பர்ல சாவியைத் திருப்பினேன். முருங்கைக்காயை நீட்டி மிதிச்சேன். நிக்கல. நசுங்கின சத்தம் சின்னதுதான், ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. விதை என்ற சட்டையில தெறிச்சுது. நான் பேசினேன், பொட்டுல இருந்து கர்ச்சீப்பு வரைக்கும்.

முடிச்சுட்டு நேரா சுவத்துக்குப் போயி தப்பிச்ச நோட்டைத் திறந்து முதல் வரி எழுதினேன்: 'ஏழாம் நம்பர் பக்கத்துல தரையில எண்ணெய். வழுக்கிப் பிரஸ்மேல கை ஊன இருந்தேன். நாச்சிமுத்து.' இருபத்தொண்ணாம் தேதி நடந்தது. இந்த நோட்டுலகூட எண்ணெயை எழுதினேன், வழுக்கினதை எழுதல.

சாயங்காலம் போயிப் பார்த்தா எனக்குக் கீழ பதினேழு பேரு எழுதியிருந்தாங்க. சட்னியைப் பத்திச் சொன்ன அந்த ஆளும் எழுதியிருந்தான். மேடம் படிச்சுட்டே நின்னாங்க. "மெமோ வருமா மேடம்?"னு ஒருத்தி கேட்டா. "உங்க சூப்பர்வைசர்ட்ட கேளுங்க"ன்னாங்க. வராதுன்னு சொன்னேன். இந்தத் தடவை வாய் வந்துச்சு.

அடுத்த வருசம், அக்டோபர் 1, புதன்

பரண்ல இருந்து இந்த நோட்டு கிடைச்சுது. ஒரு பக்கம் மிச்சம். இன்னிக்கு ஆயுத பூசை, எழுதாம விட மனசு வரல.

நான் இன்னும் சூப்பர்வைசர்தான். போண்டா இன்னும் உண்டு, ஆனா வகுப்பு முடிஞ்சாத்தான். பைபாஸ் சாவி ரெண்டு பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள. ஒரு பூட்டுச் சாவி மேனேஜர்கிட்ட, இன்னொண்ணு பாதுகாப்புக் குழுவுல தொழிலாளிங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள்கிட்ட. அது சாந்தாமணி. பத்து மாசத்துல பெட்டியைத் திறக்கோணும்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் காரணம் கேட்டுட்டு முடியாதுன்னுருச்சு. அன்னிக்கெல்லாம் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அப்புறம் இறங்கிருச்சு.

காலையில சந்தனக் கிண்ணத்தை எடுத்துட்டு வந்தேன். நாலாம் நம்பர் முன்னாடி வந்ததும் கை நின்னுருச்சு. எங்க வெக்கறதுன்னு தெரியாத மாதிரி நின்னேன்.

"குடுங்கண்ணா"ன்னு சாந்தாமணி கிண்ணத்தை வாங்குச்சு. குட்டையா இருக்கற அந்த விரலாலயே சந்தனம் தொட்டு, மெஷினோட நெத்தியில, சென்சாருக்கு ஒரு முழம் தள்ளி, நடுவா ஒரு பொட்டு வெச்சுச்சு. அப்புறம் திரும்பி, "நெத்தியைக் காட்டுங்க, உங்களுக்கும் ஒண்ணு"ன்னு எனக்கும் வெச்சுச்சு. அன்னிக்கு முடியாதுன்னுச்சே, பத்து மாசம் ஆச்சு, இன்னிக்குத்தான். நான் அழுதுட்டேன், ஷாப்பே பார்த்துச்சு, பார்த்துட்டுப் போகட்டும்.

இப்ப எங்க ஷாப்புல புது வழக்கம். பொட்டு வெச்சு முடிஞ்சதும், தேங்காய் உடைக்கறதுக்கு முந்தி, ஒவ்வொரு பிரஸ்லயும் ஒரு முருங்கைக்காயை நீட்டிப் பார்க்கோணும். சாந்தாமணி நீட்டுச்சு, நான் மிதிச்சேன். பதினொரு பிரஸ், பதினொரு முருங்கைக்காய். ஒண்ணுலகூட ஒரு கீறல் விழுகல.

மத்தியானம் எல்லாத்தையும் கேண்டீன் சாம்பார்ல போட்டாங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நல்லா உறைச்சுது.